கேம்பல் பேயில் கிழங்கு வறுவல்

நம் தங்கை கேம்பல் பேயில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஊரின் பெயரைக் கேட்ட நாள்முதலே நம் அன்னையாருக்கு அது பிடிக்கவில்லை. பெண்ணைக் கொடுத்த ஊரின் பெயரில் 'பே' இருக்கலாமா என்பது அவருடைய குறை. பே என்றால் விரிகுடா என்று நாம் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னோம். "விரிகுடாவாகவே இருக்கட்டும். உருளைக்கிழங்குகூட ஒழுங்காகக் கிடைக்காத ஊரில் பிள்ளையை எப்படி வளர்ப்பாள்?" என்பார்.

சென்ற கார்த்திகையில் நாம் விடுப்பெடுத்துக்கொண்டு அங்கே புறப்பட்டபோது அன்னையார் இரண்டு கட்டளைகள் இட்டார். ஐந்து கிலோ உருளைக்கிழங்கு கொண்டு சென்று, கைப்பேசியில் படம் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கும் பேரனுக்குப் பிங்கர் சிப்ஸ் செய்துகொடுக்க வேண்டும் என்பது ஒன்று. தங்கையையும் பிள்ளையையும் கையோடு அழைத்துவந்து கொல்கத்தாவில் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கட்டளை இரண்டாவதற்குத் தூண்டிற்புழு என்பது நமக்குத் தெரியாமலில்லை.

உருளைக்கிழங்கைப் பற்றி நமக்குச் சிறிது தெரியும் என்று சொல்லிக்கொண்டால் அது தற்புகழ்ச்சியாகாது. ரெயில்வேயில் சரக்குக் குமாஸ்தா வேலை நமக்கு. வங்காளத்துக் கிழங்கு மூட்டைகளோடும், அவற்றை வாங்கி விற்கும் வியாபாரிகளோடும் பல ஆண்டுகளாகப் பழக்கம். மாசி, பங்குனியில் தோண்டும் கிழங்கைக் குளிர்பதனக் கிடங்குகளில் அடைத்து, கார்த்திகைவரை சிறிது சிறிதாக வெளியே எடுப்பார்கள். குளிரில் கிடந்த கிழங்கில் மாவு சர்க்கரையாக மாறும். அத்தகைய கிழங்கை எண்ணெயில் இட்டால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். கடித்தால் அசட்டுத் தித்திப்பு. அதையே இரண்டு, மூன்று வாரம் வெளியில் காற்றாட வைத்திருந்தால் சர்க்கரையில் பெரும்பகுதி மீண்டும் மாவாகும். இதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூட்டை வியாபாரி. நாம் மெட்ரிகுலேஷன் தேறியவர். நமக்கு அதுவரை தெரியாது.

கொல்கத்தாவிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரந்தான். அந்நகருக்கு 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டினார்கள். துறைமுகத்தில் கூலியாட்கள் இன்னும் பழைய பெயரையே சொல்லுகிறார்கள். அங்கிருந்து கேம்பல் பே தெற்கே ஏறக்குறைய 540 கிலோமீட்டர். கடல் சீற்றத்தால் கப்பல் புறப்படவில்லை. ஒன்பது நாள் காத்திருந்தோம். தினமும் காலையில் பையைத் திறந்து கிழங்கை முகர்ந்து பார்ப்பது நம் அன்றாடக் கடமையாயிற்று. பத்தாம் நாள் கப்பலேறி, பத்து டிகிரிக் கால்வாயைக் கடந்து, கார் நிக்கோபாரிலும் கமோர்ட்டாவிலும் நின்று நின்று போய்ச் சேர்ந்தபோது கிழங்கில் பாதி அழுகியும் முளைவிட்டும் போயிருந்தது. சில பச்சை நிறம் பூண்டிருந்தன. பச்சையானதையும் முளைத்ததையும் உண்ணலாகாது. அவற்றில் நஞ்சு உண்டு. மிச்சம் இரண்டு கிலோ தேறியது.

பெரிய நிக்கோபார் என்பது நம் நாட்டின் தெற்குக் கோடித் தீவு. தீவின் தென்முனையாகிய இந்திரா முனை கன்னியாகுமரிக்கும் தெற்கே, வட அட்சம் 6 டிகிரி 45 கலையில் இருக்கிறது. இராசேந்திர சோழனின் கடற்படை வெற்றிகளைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டில் மாநக்கவாரம் என்று வருவது இந்த நிக்கோபார்த் தீவுகளையே. ஆயினும் இன்று கேம்பல் பேயில் தமிழ் ஒலிப்பது சோழனால் அன்று. 1969-ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கம் ஓய்வுபெற்ற இராணுவத்தாரை இங்கே நிலங்கொடுத்துக் குடியேற்றிற்று. பஞ்சாபியர், மராத்தியர், மலையாளிகள், தெலுங்கர், தமிழர் என்று சுமார் 330 குடும்பங்கள் வந்தன. தங்கையின் மாமனார் அவர்களுள் ஒருவர், வேலூர்ப் பக்கத்துக்காரர். 1973-இல் மனைவியோடும் ஓர் இரும்புப் பெட்டியோடும் வந்திறங்கினாராம். காட்டைத் திருத்தித் தென்னை வைத்தார்.

கப்பல் துறையையடுத்த கடைவீதியில் சிற்றுண்டிச்சாலைகள் சில உண்டு. மருமகனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநாளே வறுவல் வேட்டைக்குப் புறப்பட்டோம். முதற்கடையில் பிங்கர் சிப்ஸ் என்று சொன்னதும் கடைக்காரர் மகிழ்ச்சியோடு பொரித்துத் தந்தார். நிறம் கருப்பட்டி, சுவையும் ஏறக்குறைய அதுவே. விசாரித்ததில் கிழங்கு அழுகிவிடுமே என்று அஞ்சிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாராம். வெளியே வைத்தால் அழுகல், உள்ளே வைத்தால் கருகல். அவர்தாம் என்ன செய்வார்? "உருளைக்கிழங்கு இங்கே விளையாதோ?" என்று கேட்டோம். "குளிர் எங்கே இருக்கிறது, சார்?" என்றார். உண்மைதான். இரவு குளிர்ந்தால்தான் அச்செடி கிழங்கு வைக்கும். நீலகிரியில் வைக்கும், வங்கத்து மார்கழியிலும் வைக்கும். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற, எந்நாளும் புழுங்குகிற இத்தீவில் வெறும் தழைதான் மிஞ்சும். நாம் ரெயில்வேயில் பணியாற்றுவதைக் கேட்டு அவர் சிரித்தார். தண்டவாளமே இல்லாத தீவுக்குச் சரக்குக் குமாஸ்தா வந்திருப்பது அவருக்கு வேடிக்கையாயிருந்தது.

இரண்டாவது கடையில் உறைநிலைப் பொட்டலத்து வறுவல். பெரிய ஆலைகளில் கிழங்கை அரைவேக்காடாகப் பொரித்து, பூச்சியத்துக்குக் கீழே 18 டிகிரியில் உறையவைத்து அனுப்புவது அது. நகரத்துப் பெரிய உணவுக்கடைகளில் நேயர்களின் பிள்ளைகள் உண்பது பெரும்பாலும் இதையே. வழியில் ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததோ என்னவோ, எண்ணெயிலிருந்து எடுத்ததும் துவண்டு, நனைந்த கயிறு போல் தொங்கிற்று. அதற்குக் கொடுத்த விலையை அன்னையாரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வீடு திரும்பும் வழியில், தங்கையின் வீட்டுக்கு எதிர்வீட்டு மலையாளத்துப் பாட்டியார் நம் நாக்கின் துயரத்தைக் கேள்வியுற்றுச் சீமைப்பலாக் காயை விரல் விரலாக அரிந்து பொரித்துத் தந்தார். அவர்கள் கடச்சக்கை என்பார்கள். மொறுமொறுப்பு உண்டு, ஆனால் ஆறினால் தோல் போலாகிவிடுகிறது. இந்தக் காயின் கன்றுகளைத் தாஹிதித் தீவிலிருந்து ஏற்றிச் சென்ற கப்பலில்தான் 1789-இல் மாலுமிகள் கலகம் செய்து, தலைவர் பிளையைப் படகில் இறக்கிவிட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கு மலிவுச் சோறாகட்டும் என்று கொண்டுபோன கன்றுகள் அவை.

நிக்கோபாரியர் கிழங்கையோ காயையோ பொரித்துத் தின்னும் வழக்கத்தினரல்லர். அவர்கள் உணவு தாழையினத்துப் பெரும்பழம். அதை நெடுநேரம் அவித்து, நாரினின்று மாவைப் பிரித்தெடுத்துக் கட்டியாக்கி வைத்துக்கொள்வார்கள். மேற்கு, தெற்குக் கரையூர்களில் வாழ்ந்தவர்களைச் சுனாமிக்குப் பிறகு கேம்பல் பேயின் அருகே குடியமர்த்தினார்கள். பழைய ஊருக்குத் திரும்பவேண்டும் என்று அவர்கள் இன்றும் கேட்டு வருகிறார்கள். அந்தத் தாழைத் தோட்டங்களும் அங்கேதான் இருக்கின்றன.

நிற்க. மூன்றாம் நாள் மாலை சம்பந்தியம்மாள் நம்மை அடுப்பங்கரைக்கு அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர், பேச்சுக் குறைவு. முறத்தில் மரவள்ளிக்கிழங்கு கிடந்தது. "தம்பி ஊரெல்லாம் சுற்றி வறுவல் தேடுவதாகப் பிள்ளை சொன்னான். வீட்டில் கேட்டிருக்கலாமே" என்றார். நாம் நாணிப்போனோம்.

அவர் செய்த முறையை அப்படியே எழுதுகிறோம். மேல்தோலோடு அடியிலுள்ள செந்தோலையும் உரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, நடு நரம்பை நீக்கிவிடுகிறார். மஞ்சளும் உப்பும் இட்ட நீரில் மூடாமல் வேகவிடுகிறார். கிழங்கு மலர்ந்து பிளப்பதற்குச் சற்று முன்னே இறக்கி, நீரைக் கொட்டிவிடுகிறார். மரவள்ளியில் உள்ள நச்சுச்சத்து அந்த நீரோடும் ஆவியோடும் போய்விடும். கசக்கும் சாதிக் கிழங்கை அவர் தொடுவதே இல்லை. பிறகு முறத்தில் துணி விரித்து ஒரு நாழிகை உலர்த்தல். தேங்காயெண்ணெயில் சிறு தீயில் ஒரு முறை பொரித்தெடுத்து ஆறவைக்கிறார். உண்ணும் வேளையில் பெருந்தீயில் மறுமுறை. மிளகாய்ப்பொடியும் உப்பும் தூவினால் முடிந்தது.

இருமுறை பொரிப்பது பெல்ஜியம் நாட்டார் முறை. பிரெஞ்சு வறுவல் என்று உலகம் சொல்வதைத் தங்களுடையது என்று வழக்காடுகிறவர்கள் அவர்கள். சம்பந்தியம்மாள் பெல்ஜியத்தைக் கேள்விப்பட்டதில்லை. "முதலில் உள்ளே வேகணும், பிறகுதான் மேலே வேகணும்" என்று மட்டும் சொன்னார்.

நேயர்களே, அந்த வறுவலுக்கு நிகரானதை நாம் பார்க் தெருவிலும் உண்டதில்லை. கடித்தால் ஒலிக்கிறது, உள்ளே அவித்த மாவு போல் கரைகிறது. உருளைக்கிழங்கில் நூற்றுக்கு எண்பது பங்கு நீர். மரவள்ளியில் அறுபதுதான், மற்றதில் பெரும்பகுதி மாவு. மொறுமொறுப்புக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவையே. மரவள்ளியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இந்தத் தீவில் மலையாளக் குடியேறிகளின் அடுப்பங்கரையிலும் தோட்டத்திலும் அது உண்டு. தமிழர் வீட்டிலும் பஞ்சாபியர் வீட்டிலும் இன்று அதே கிழங்கு.

பொரித்துக்கொண்டே சம்பந்தியம்மாள் ஒன்று சொன்னார். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. நில அதிர்ச்சியில் அடுப்பிலிருந்த பானை உருண்டது. வெளியே ஓடினார்கள். மேட்டுக்கு ஏறியவர்கள் பிழைத்தார்கள். மாட்டை அவிழ்க்கத் திரும்பிய கணவர் வரவில்லை. தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் கடலில் அமிழ்ந்துபோயிற்று. அவர்கள் வயலில் உப்புநீர் நின்றது. தென்னைகள் நின்றபடியே பட்டன. தகரக் கொட்டகையில் தங்கியிருந்த நாட்களில் நிவாரண அரிசியும் பருப்பும் வந்தன. பிள்ளைகளோ நொறுக்குத் தீனி கேட்டு அழுதார்கள். மேட்டுச் சரிவில் வேலியோரமாக நட்டிருந்த மரவள்ளி மட்டும் உப்புப் படாமல் நின்றது. அதைத் தோண்டி வந்து, பக்கத்துக் கொட்டகையில் எண்ணெய் கடன் வாங்கிப் பொரித்துக் கொடுத்தாராம். "அன்றைக்கு உப்புப் போடவில்லை. உப்பைப் பார்த்தாலே ஆகாது அப்போது" என்று சொல்லி, அடுத்த ஈடு எடுத்தார். தங்கை அவருக்குப் பின்னே நின்று ஒன்றும் பேசாமல் தட்டை நீட்டினாள்.

மறுநாள் நம் முறை. தேறிய இரண்டு கிலோ உருளைக்கிழங்கை அரிந்து, தண்ணீரில் அலசி, சம்பந்தியம்மாள் முறைப்படியே இருமுறை பொரித்தோம். ஒன்பது நாள் காத்திருப்பும் கப்பற்பயணமும் கிழங்குக்கு நன்மையே செய்திருந்தன. தித்திப்புப் போய்ப் பொன்னிறமாக வந்தது. மருமகன் முதற்பரிசை அதற்கே அளித்தான். "மாமா, படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கு" என்றான். தீர்ப்பில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் மறுத்துப் பேசவுமில்லை. தூண்டில் நன்றாகவே பிடித்திருந்தது.

அன்று இரவு தங்கையிடம் இரண்டாவது கட்டளையை எடுத்துரைத்தோம். கொல்கத்தாப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, அன்னையாரின் முதுமை எல்லாவற்றையும் சொன்னோம். இங்கே கலத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகமும், அதனோடு விமான நிலையமும் நகரமும் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் மத்திய அரசாங்கம் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கிவிட்டது. குடியேறிகளின் நிலம் என்னாகுமோ என்று கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். அதையும் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீ சொல்வதெல்லாம் சரிதான், அண்ணா. அவனுக்கு ஆறாம் வகுப்பு வரட்டும், அப்போது யோசிக்கலாம். இப்போது நான் புறப்பட்டால் அத்தையும் வரவேண்டும். அவர் வரமாட்டார். மாமா போன இடம் இது" என்றாள். சற்று நேரங்கழித்து, "அம்மாவுக்கு ஒரு டப்பா கட்டித் தருகிறேன்" என்று எழுந்து போனாள்.

திரும்பும் கப்பல் குறித்த நாளில் புறப்பட்டது. தகர டப்பாவை வழியில் நாம் திறக்கவில்லை. இரண்டொரு துண்டு எடுத்தது கணக்கில் சேராது. வீடு வந்ததும் அன்னையார் நமக்குப் பின்னே வாசலைப் பார்த்தார். பிறகு டப்பாவைத் திறந்து ஒரு துண்டை வாயிலிட்டு நெடுநேரம் மென்றார்.

"தேங்காயெண்ணெயா?" என்று கேட்டார்.

ஆம் என்றோம்.

"ஒருமுறை பொரித்ததா, இரண்டு முறையா?"

இரண்டு முறை என்றோம். டப்பாவை மூடி, அரிசிப் பானைக்கு மேலே உள்ள பலகையில் வைத்துவிட்டு, நமக்குச் சோறு போட இலையை எடுத்தார்.