அரியது வேண்டாம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க ஆசைப்படுகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, அரிதானதாகப் பார்த்து வாங்கு என்பதுதான். எண்ணிக்கை குறைந்தால் விலை ஏறும். எதிரே இன்னொன்று வராது. பெருமைக்குப் பெருமை, முதலீட்டுக்கு முதலீடு. ஏலக் கூடத்தில் இந்தக் கணக்கு செல்லும். ஓட்டுவதற்காக வாங்குகிறவருக்கு இது தலைகீழ்க் கணக்கு. ஐம்பது வயதான காரை வாங்குகிறவர் அதன் அடுத்த இருபது வருட ரிப்பேரையும் சேர்த்தே வாங்குகிறார். ஆகவே எதைச் சுலபமாகப் பழுது பார்த்துக்கொண்டே இருக்க முடியுமோ அதுதான் நல்ல தேர்வு. அது பெரும்பாலும் லட்சக்கணக்கில் செய்து விற்கப்பட்ட, ரசிகர்கள் 'சாதாரணம்' என்று ஒதுக்குகிற காராகத்தான் இருக்கும். இதற்கு இங்கிலாந்தின் எம்ஜிபி நல்ல சாட்சி.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஏபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. திறந்த மாடலும் 1965-இல் வந்த கூரை போட்ட ஜிடி மாடலும் சேர்ந்து ஐந்து லட்சத்துக்கு மேல். அதன் 1798 சிசி எஞ்சின், பிஎம்சி நிறுவனம் தன் குடும்பக் கார்கள் பலவற்றுக்கும் பொருத்திய 'பி சீரிஸ்' வரிசையைச் சேர்ந்தது. நம் அம்பாசடரில் பல்லாண்டு ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே வரிசைதான். அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய நம் ஊர் மெக்கானிக் யாரும் எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் திகைத்து நிற்க மாட்டார். ஸ்போர்ட்ஸ் காருக்குக் குடும்பக் காரின் எஞ்சினா என்று மூக்கைச் சுளிக்க வைத்த அந்த எளிமைதான் இன்றைக்கு அதன் பலம். தயாரிப்பு நின்று எட்டு ஆண்டுகள் கழித்து, 1988-இல், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய பிரஸ் அச்சுகளைத் தேடிச் சேர்த்து, எம்ஜிபியின் முழு பாடியையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கியது. செத்துப்போன மாடலுக்குப் புது உடம்பு கடையில் கிடைத்தது. அதை அடிப்படையாக வைத்து 1990-களில் ரோவர் நிறுவனம் ஆர்வி8 என்ற காரைச் சுமார் 2000 எண்ணிக்கையில் செய்து, பெரும்பகுதியை ஜப்பானுக்கு அனுப்பியது.

இப்படி ஏன் நடந்தது என்று பார்த்தால் பழைய கார்களின் பொருளாதாரம் பிடிபடும். பழைய காருக்கு உதிரி பாகம் கிடைப்பதற்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்க வேண்டும். அல்லது, இருக்கிற சிலர் என்ன விலையும் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். 1963-65-இல் ஆயிரம் சொச்சமே செய்யப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 இரண்டாவது வழியில் பிழைக்கிறது. எம்ஜிபி முதல் வழியில். அரிதாகவும் இருந்து, விலையும் ஏறாத கார்களுக்கு இரண்டு வழியும் அடைபட்டுவிடுகின்றன. வேல்ஸில் 1959 முதல் 1973 வரை இயங்கிய கில்பெர்ன் என்ற சிறு நிறுவனம் சுமார் ஆயிரம் ஃபைபர் கிளாஸ் கார்களைச் செய்தது. அவற்றில் ஒரு மாடலில் எம்ஜிபியின் எஞ்சினே இருந்தது. அதன் பேரிங்கும் பிஸ்டனும் இன்றும் தபாலில் வந்து சேரும். கண்ணாடியோ கதவோ உடைந்தால்தான் சோதனை. இப்படிப்பட்ட சிறு நிறுவனங்கள் விளக்கையும் கைப்பிடியையும் எந்தெந்தக் காரிலிருந்து எடுத்துப் பொருத்தின என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. எஞ்சின் ஒன்றாகவே இருந்தும் இரண்டு உரிமையாளர்களின் தலையெழுத்து வேறாகிறது.

மாடலைத் தேர்ந்த பின் அந்த மாடலில் எந்தக் காரை எடுப்பது என்பதற்கும் இதே அளவுகோல் உதவும். வாங்க வருகிறவர்கள் பானெட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்குகிறார்கள். எம்ஜிபியில் எஞ்சின் மலிவான சமாச்சாரம். பயப்பட வேண்டியது தகரத்துக்கு. இதற்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் சுமக்கிறது. திறந்த மாடலில் கூரையும் இல்லாததால், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் சில் என்ற பெட்டிதான் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்தப் பெட்டி பல தகடுகளை அடுக்கி வெல்டிங் செய்தது. உள்தகடுகள் துருப்பிடித்து உதிர்ந்த பிறகும், மேலே ஒரு புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கதவின் ஓரத்துக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா, ஜாக்கி வைத்துத் தூக்கும்போது அந்த இடைவெளி மாறுகிறதா, காந்தம் ஒட்டாமல் நழுவும் இடம் எது என்று பார்த்தால் உண்மை வெளியே வரும். பிரிட்டனின் வாகனப் பதிவுத் துறை, பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட கார்களின் அடையாளத்தை முடிவு செய்யப் பல ஆண்டுகள் வைத்திருந்த புள்ளிக் கணக்கில் சேஸிஸுக்கோ பாடிக்கோ 5 புள்ளி, எஞ்சினுக்கு 1 புள்ளி. வாங்குகிறவரும் இதே விகிதத்தில் தன் கவனத்தைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

'முப்பது வருடமாக ஷெட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை, மிகக் குறைவாக ஓடியது' என்ற விளம்பரத்துக்கும் தனி மயக்கம் உண்டு. ஓடாத கார் தேயாத கார் என்று நினைக்கத் தோன்றும். நின்ற இடத்திலேயே கெட்டுப்போகும் பாகங்கள் ஒரு காரில் ஏராளம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அந்த ஈரத்தால் பிரேக் சிலிண்டர்கள் உள்ளுக்குள் துருவேறி இறுகும். பெட்ரோல் கெட்டுப்போய் கார்புரேட்டரில் பிசினாகப் படியும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டயரில் பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டித்துவிடும். பக்கவாட்டில் அச்சிட்ட நாலு இலக்க எண்ணில் அது தயாரான வாரமும் ஆண்டும் இருக்கும். எனவே வாராவாரம் கொஞ்ச தூரம் ஓடி, அவ்வப்போது வேலை பார்த்த பில்கள் அடுக்கடுக்காக இருக்கும் கார், பளபளவென்று நிற்கும் காரைவிட நம்பகமானது. பராமரிப்பு என்பதும் பெரிய வித்தை எதுவுமில்லை. முன் சஸ்பென்ஷனின் கிங் பின்களுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுவது, இரட்டைக் கார்புரேட்டர்கள் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று பார்ப்பது. விளக்கு எரியாவிட்டால் வயரிங் முழுவதையும் சபிப்பதற்கு முன் எர்த் இணைப்பின் துருவைச் சுரண்டிப் பார்ப்பது. கேடலாக்கைப் பிரித்து எண்ணைச் சொன்னால் பாகம் வரும் என்ற நிலை இருப்பதால்தான் இந்த வேலைகளை ஒருவர் தள்ளிப்போடாமல் செய்கிறார். ஆறு மாதம் தேட வேண்டிய பாகமானால் அதன் வேலையும் ஆறு மாதம் தள்ளிப்போகும், தள்ளிப்போனால் கார் மூலையில் நிற்கும், நின்றால் கெடும்.

உலகம் மாறும்போதும் எண்ணிக்கைதான் கைகொடுக்கிறது. பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோலின் பொது விற்பனை 2000-இன் தொடக்கத்தில் நின்றது. ஈயம் இல்லாத பெட்ரோலில் பழைய வால்வு இருக்கைகள் தேயும் என்பதால், கடினமான இருக்கைகள் பதித்த சிலிண்டர் ஹெட்கள் எம்ஜிபிக்குக் கடைச் சரக்காகவே வந்துவிட்டன. 2021 செப்டம்பரில் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கே பொது எரிபொருளானதும், அதைத் தாங்கும் ரப்பர் குழாய்களை மாற்றிக்கொள்வது வழக்கமான வேலையாயிற்று. 20 சதவீதத்துக்குப் போய்விட்ட இந்தியாவில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. நாற்பது வயது கடந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் பிரிட்டனில் வருடாந்திரப் பரிசோதனை கட்டாயமில்லை. இது சலுகைதான், கூடவே, பிரேக் பிடிக்கிறதா என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில் விழுந்துவிட்டது. கட்டாயம் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை அந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

மறுப்புகள் உண்டு. சுலபப் பராமரிப்புதான் அளவுகோல் என்றால் மஸ்தா எம்எக்ஸ்-5 வாங்கிவிட்டுப் போகலாமே என்பது முதல் கேள்வி. தாராளமாக வாங்கலாம். 1989-இல் வந்து 2016-க்குள் பத்து லட்சத்தை எட்டிய அந்தக் காரின் முதல் தலைமுறை இப்போதே பழசாகிவிட்டது; அதற்கு மஸ்தாவே ஜப்பானில் புதுப்பிக்கும் சேவையும் நடத்துகிறது. அது என் வாதத்துக்கு வலுதான். நாளைய எம்ஜிபி அதுவாக இருக்கும். பாடி முதல் பம்பர் வரை மாற்றிவிட்டால் அது பழைய காரா என்பது அடுத்த கேள்வி. அருங்காட்சியகத்தில் நிற்கும் பந்தயக் காருக்கு இந்தக் கேள்வி முக்கியம்; அதன் ஒவ்வொரு தகடும் ஆவணம். லட்சக்கணக்கானவற்றில் ஒன்றாகப் பிறந்த காருக்கு அந்தச் சுமை கிடையாது. அது சாலையில் நடந்துகொள்ளும் விதம் மாறாதவரை அது அதுவேதான். காசு பெருகாதே என்றால், ஆமாம், பெருகாது. 1974 கடைசியிலிருந்து வந்த கறுப்பு ரப்பர் பம்பர் எம்ஜிபியை அழகில்லை என்று இளக்காரமாகப் பார்ப்பதால் அது இன்னும் மலிவு. பாகங்களில் பெரும்பாலானவை அதே பாகங்கள். ஓட்ட நினைப்பவருக்கு அந்த இளக்காரம் தள்ளுபடி.

பாதுகாப்பும் புகையும் பற்றிய மறுப்புக்கு மட்டும் முழு விடை இல்லை. ஏர்பேக் கிடையாது, மோதலைத் தாங்கிக்கொள்ளும் நவீன அமைப்பு கிடையாது. கிலோமீட்டருக்கு இது விடும் நச்சுப் புகை புதுக் காரைவிடப் பல மடங்கு. அதனால் இதை அன்றாட வண்டியாக்கக் கூடாது. குறைந்த தூரம், அடிக்கடி, நிதானமாக என்பதே இதற்குரிய எல்லை. காரின் உடம்புக்கு வேண்டிய அளவும் ஏறக்குறைய அதுதான். அந்த எல்லைக்குள் அதை ஓட்டியே தீர வேண்டும் என்பதற்குத் தன்னலம் கடந்த காரணமும் ஒன்று இருக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்து புதிது கேட்டு எழுதும் ஒவ்வொரு உரிமையாளரும் அந்தக் கட்டையைச் செய்யும் பட்டறைக்குச் சம்பளம் கொடுக்கிறார். அடுத்தவருக்கும் அது கிடைக்க வழிசெய்கிறார். உறை போட்டுப் பூட்டிய அரிய கார் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. ஐந்து லட்சமும் அப்படி உறைக்குள் போயிருந்தால் 1988-இல் அந்த அச்சுகளைத் தேடிப் போக யாருக்கும் காரணம் இருந்திருக்காது.