கொடைக்கானலில் உதைத்த கணக்கு

கொடைக்கானலுக்கு நாலு பேர் போனோம். மூணு பேர் ஏரிக்குப் படகு விடப் போய்விட்டார்கள். எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். அதனால் கௌரவமாகச் சூரியனைப் பார்க்கக் கிளம்பினேன்.

2343 மீட்டர் உயரத்தில், 1899-ல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம். 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற வெள்ளைக்காரர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நான் போன நேரம் ஒரே மேகம். சூரியன் லீவு! ஊழியர் ஒருவர் பரிதாபப்பட்டுச் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார்.

"மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி சார். அதைத் தாண்டி வெளியே இருக்கிற கரோனா பத்து லட்சத்துக்கும் மேலே!"

"அடுப்பை விட்டுத் தள்ளிப் போனா சூடு குறையணுமே சார்?"

"அதான் கேள்வியே!" என்று உட்கார்ந்துவிட்டார்.

சூரியனின் மேற்பரப்பு உலை மாதிரி கொதிக்கிறது. கொதித்தால் சத்தம். அந்த ஒலியலை மேலே போகப் போக வாயு மெலிகிறது, அலை பெரிதாகிறது. சாட்டைப் பிடியை அசைத்தால் மெல்லிய நுனியில் 'பளீர்' என்கிறதே, அப்படி! கடைசியில் அதிர்ச்சி அலையாக உடைந்து சூடாகிவிடுகிறது. 1946-ல் பியர்மனும் 1948-ல் ஷ்வார்ஷில்டும் சொன்ன விடை. கச்சிதமான விடை.

1975-ல் போன ஓ.எஸ்.ஓ.-8 செயற்கைக்கோளின் அளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால், உதைத்தது! ஒலியின் சக்தி கீழ் அடுக்குகளிலேயே செலவாகிவிடுகிறது. கரோனாவுக்குப் போய்ச் சேருவது போதவே போதாது.

"அப்புறம்?"

"தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க சார். இப்ப காந்தப்புலம் மேல சந்தேகம். காந்த அலைகளா, குட்டிக் குட்டி வெடிப்புகளான்னு இன்னும் தீரலை. 2023-ல ஆதித்யா-எல்1 போனதும் இந்தக் கேள்வியோடதான்."

எனக்குச் சுருக்கென்றது. நான் பி.காம். முதல் வேலையில் ட்ரயல் பேலன்ஸ் 412 ரூபாய் உதைத்தது. ராத்திரி பதினோரு மணிவரை தேடிவிட்டு, 'பிரயாணச் செலவு' என்று எழுதி டாலி பண்ணி வீட்டுக்குப் போனேன். ஆடிட்டர் வவுச்சர் கேட்டபோது சந்தேகம் ப்யூன் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாசம் அவர் வேலையில் இல்லை.

ஏரிக்கரையில் நண்பர்கள் காத்திருந்தார்கள்.

"சூரியனைப் பார்த்தியாடா?"

"இல்லைடா... மேகம்."

ஊருக்குப் போனதும் அந்த ப்யூனின் விலாசத்தைத் தேட வேண்டும்.