பீங்கானின் அடியில் ஒரு வளையம்

யமஹா ஆர்எக்ஸ்100 தயாரிப்பு 1996-இல் நின்றுபோனது. அந்த 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி கோவைப் பக்கத்து மண் பந்தயங்களில் இன்னும் புழுதி கிளப்புகிறதென்றால், நான் போயிருந்த பட்டறையைப் போன்றவைதான் காரணம்.

"கீழ இழுவையே இல்லீங்ணா, பிளக் கறுப்பாயிருது. ஒரு நம்பர் சூடான பிளக்காப் போட்டுருங்க," என்றான் வண்டியோடு வந்த இளைஞன்.

"மொதல்ல ஜெட்டு. பிளக்கு கடைசியில பாத்துக்கலாம் தம்பி," என்றார் மெக்கானிக்.

பிளக்கின் நம்பருக்கும் பொறியின் வீரியத்துக்கும் தொடர்பில்லை. மூக்கில் ஏறும் சூட்டை எவ்வளவு விரைவாக ஹெட்டுக்குக் கடத்தும் என்பதற்கான எண் அது. மூக்கு சுமார் 450 டிகிரி செல்சியஸையாவது எட்டினால்தான் படிந்த கரி எரியும். 850-ஐ நெருங்கினால் பொறி விழுமுன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். என்ஜிகேயில் நம்பர் கூடினால் குளிர்ந்த பிளக், பாஷில் கூடினால் சூடான பிளக். கம்பெனி மாற்றி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் அதிகமாகப் போவதை மறைக்கச் சூடான பிளக்கைப் போட்டால் அன்றைக்குக் கரி மறையும். பின்னால் ஜெட்டைச் சரிசெய்ததும் அதே பிளக் பிஸ்டனையே ஓட்டை போடலாம். அவருடைய பிடிவாதம் எனக்கு நியாயமாகவே பட்டது.

ஆக்சிலேட்டர் பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் என்று கோடு போட்டார். கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், நடுவில் நீடில், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தார். காற்று கூடி, பொடபொடப்பு குறைந்தது. நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினார். நீடில் இறங்கி, நடுவிலும் சத்தம் சுத்தமானது. பக்கத்தில் உதவிக்கு இருந்த பையன் ஜெட்டுகளில் காற்றடித்துக்கொண்டிருந்தான். கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும் என்பது அவன் கற்ற முதல் பாடமாம்.

பிறகு புதுப் பிளக். மண் பாதையில் டாப் கியரில் முழு ஆக்சிலேட்டர். அந்த வேகத்திலேயே என்ஜினை ஆஃப் செய்து கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். ஐட்லிங்கில் விட்டால் மெயின் ஜெட்டின் தடயம் அழிந்துவிடும். கழற்றிய பிளக்கின் நுனியை அவர் பார்க்கவில்லை. லென்ஸ் வைத்து, பீங்கான் உள்ளே முடியும் இடத்தில் வளையத்தைத் தேடினார். "பால் கம்மியான காபி நெறம் வேணுங்க." தெரிந்தது அதைவிட வெளிறியிருந்தது. மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டினார்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் அவருடைய பழைய நோட்டு அளவுகள் பொருந்துவதில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிகிறது. பெட்ரோலில் 2டி ஆயிலைக் கூடுதலாகக் கலப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. ஜெட் வழியே போகும் பெட்ரோலின் இடத்தை ஆயில் பிடித்துக்கொள்ளும். அதனாலும் கலவை மெலியும்.

மதியம் வெயில் ஏறியதும் வண்டி மேலே சற்றே திணறியது. காற்று லேசாகிவிட்டதல்லவா? "ஜெட்ட ஒண்ணு கொறைச்சரலாங்களா?" என்றான் இளைஞன்.

"பைனல் எத்தன மணிக்கு?"

"பொழுது சாஞ்சப்பறந்தாங்ணா."

"அப்பக் காத்து குளுந்துரும், கொறைச்சா சீஸ் ஆயிரும். இதே இருக்கட்டும்." கார்பரேட்டர் கிண்ணத்தின் ஸ்க்ரூக்களை அவரே முறுக்கினார்.