ஒரு நாள் முகாம் போதுமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்ற 10 வாழ்க்கைத் திறன்கள்ல முடிவெடுக்கிறது, பிறர் நிலை உணர்றது, மன அழுத்தத்தைச் சமாளிக்கிறது எல்லாம் இருக்கு. ஒரு ஞாயித்துக்கிழமை வசதியில்லாத பிள்ளைங்ககிட்ட போய்ப் பேசி, குரூப் போட்டோ எடுத்துட்டு வந்தா இதெல்லாம் வந்துடாது. பழகப் பழகத்தான் வரும், அதுவும் வீட்டுல பேசற மொழியில பேசினாத்தான் பிள்ளைங்க வாய் திறப்பாங்க. கேரளாவோட எறணாகுளம் மாவட்டத்துல 2017ல தொடங்கின ரோஷ்ணி திட்டம், புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைங்களுக்கு அவங்க மொழி தெரிஞ்சவங்களையே வகுப்புல நிறுத்துச்சு. தமிழ், கொங்கணி, குஜராத்தின்னு பல மொழி பேசற, அதே மாவட்டத்து மட்டாஞ்சேரிக்கும் இந்த வழி பொருந்தும்.

"வயித்துப்பாட்டுக்கே வழியில்ல, இந்தத் திறன் பயிற்சியெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்கலாம். நியாயம்தான். ஆனா 15 வயசுல படிப்பை விடற மாதிரி ஒரு தப்பான முடிவுக்கு, வசதியில்லாத வீடுதான் அதிக விலை கொடுக்குது. தாங்கிப் பிடிக்க ஆளில்ல.

அதனால ஒரு நாள் முகாம் போதாது; அந்தப் பிள்ளைங்களோட வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ஒரு வருஷம் முழுக்க. லைக் போடறதோட கடமை முடிச்சுக்கற நம்மள்ல (என்னையும் சேர்த்துத்தான்) எத்தனை பேர் தயார்?