காசு கொடுத்து வாங்கும் பயம்

2023 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் முற்பகல் வேளையிலே, பேராதனைச் சந்திப் புகையிரத நிலையத்தில், முதுகிலே பொதி சுமந்த கலைப்பீட மாணவர் நால்வர் பதுளை வண்டிக்காகக் காத்து நின்றனர். ஒருவன் யாழ்ப்பாணத்தான், புவியியல் பயில்பவன், பயணத்தைத் திட்டமிட்டவனும் அவனே. இன்னொருவன் கொழும்பிலே கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவன். பாடசாலைக் காலத்தில் நீச்சற் பந்தயங்களிற் பதக்கம் வாங்கியவன். அச்செய்தியை நண்பர்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்பவன். மூன்றாமவன் மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டமொன்றிற் பிறந்தவன். நான்காமவன் கிழக்கே பாண்டிருப்பிலிருந்து வந்தவன், அதிகம் பேசாதவன். இவர்தம் பெயர்கள் இக்கட்டுரைக்கு வேண்டா. விடுதியிலே ஊரே பெயராக வழங்கிவிடுவது நம் பல்கலைக்கழகத்துக்குப் புதிதன்று.

மஸ்கெலியாவில் ஓரிரவு தங்கி, மறுநாள் கித்துல்கலைக்கு இறங்கி, அங்கே களனி கங்கையின் பாறைகளுக்கிடையே நுரைத்தோடும் நீரில் றப்பர் மிதவையேறிச் செல்வதென்பது திட்டம். தலைக்கு 4,000 ரூபா கட்டணம். அதனைச் சேர்ப்பதற்காக இரு மாதங்கள் சிற்றுண்டிச்சாலைப் பக்கமே போகாதிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

வண்டி நாவலப்பிட்டியைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்தான் பிரசங்கத்தைத் தொடங்கினான். 1979 ஏப்பிரல் முதலாந் திகதி, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துக் கிளிஃப்டன் தொங்குபாலத்திலிருந்து நான்கு இளைஞர்கள் இழுபடும் றப்பர்க் கயிற்றை உடலிற் பிணைத்துக்கொண்டு கீழே பாய்ந்தனர். ஒக்ஸ்போர்ட்டிலே தோன்றிய ‘ஆபத்தான விளையாட்டுக் கழகம்’ என்ற கூட்டத்தினர் அவர்கள். பாய்ந்து முடிந்தவுடன் பொலிஸார் அவர்களைக் கைது செய்தனர். ஒன்பதாண்டுகளின் பின், 1988 இல், நியூசிலாந்தின் கவாரு ஆற்றுப் பாலத்தில் 43 மீற்றர் உயரத்திலிருந்து பாய்வதற்குப் பணம் அறவிடத் தொடங்கினார்கள். பொலிஸார் பிடித்துச் சென்ற குற்றம் பற்றுச்சீட்டுத் தரும் தொழிலாயிற்று.

“நாலு பேர் மச்சான், எங்களைப் போல நாலு பெடியள்!” என்றான் அவன்.

அந்த நால்வருங்கூட அதனைத் தாமாகக் கண்டுபிடித்தவர்களல்லர். பசிபிக் சமுத்திரத்திலே, வனுவாட்டுக்குரிய பெந்தெகொஸ்தே தீவின் ஆடவர், மரத்தாற் கட்டிய உயர்ந்த கோபுரத்திலிருந்து கணுக்கால்களிற் காட்டுக்கொடி பிணைத்துத் தலைகீழாகப் பாய்வர். கிழங்கு அறுவடையை ஒட்டிய சடங்கு அது. மழையுண்டு கொடிகள் ஈரமும் நெகிழ்வும் பெற்றிருக்கும் மாதங்களிலேயே அது நிகழும். 1974 பெப்ரவரியிலே பிரித்தானிய அரசியார் அத்தீவுகளுக்கு வந்தபோது, அவர் காண்பதற்கென்று பருவமல்லாப் பருவத்தில் அச்சடங்கு நடத்தப்பட்டது. கொடி அறுந்தது, பாய்ந்தவன் ஒருவன் மாண்டான்.

அதுவரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்த பாண்டிருப்பான் இங்கேதான் முதன்முறையாக வாய்திறந்தான்: “காலமில்லாத காலத்துல குதிச்சாக் கொடி அறுந்துதான் போகும்.”

அவன் அவ்வாறு கூறியதற்குக் காரணமிருந்தது. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீப்பள்ளயம் கிழக்கிலங்கை முழுவதும் அறிந்த விழா. பாரதக் கதையைத் தழுவிப் பதினெட்டு நாட்கள் நடைபெற்றுத் தீமிதிப்பில் நிறைவுறுவது. அதிலே, தனது பதினேழாவது வயதில், விரதமிருந்து தீக்குழியைக் கடந்தவன் அவன். நண்பர்கள் இதனை அறிவர். விடுதியில் அவனுக்கிருந்த மதிப்பிற் பாதி அதனால் வந்ததே. தீக்குழியும் தொங்குபாலமும் ஒன்றுதானே என்று கொட்டாஞ்சேனையான் கேட்டான். ஒன்றல்ல என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் மறுபடியும் யன்னற் பக்கந் திரும்பிக்கொண்டான். ஹற்றனில் இறங்கும் வரையில் அவ்விவாதம் ஓயவில்லை, முடிவும் காணவில்லை.

மஸ்கெலியாவில் மழையில்லை, குளிர் இருந்தது. மாலையிலே மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கக் கரைக்கு நால்வரும் நடந்தனர். 1969 இல் நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரினுள் ஆழ்ந்தது. வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கற்கள் தலைகாட்டுவதுண்டு. அன்று நீர் நிறைந்திருந்தமையால் எதுவுந் தெரியவில்லை. தெரியாத இடத்தைக் கைநீட்டிக் காட்டி, “எங்க தாத்தா கடலை வாங்கித் தின்ன கடைத்தெரு அங்கதான் இருந்திச்சாம்” என்றான் மலையகத்தான். எல்லோரும் அத்திசையைப் பார்த்தார்கள். வேறென்ன செய்வது?

இந்த நீர்தான் சுரங்க வழிகளிலும் மின்நிலையங்களிலும் புகுந்து புறப்பட்டு, காசல்றீ நீர்த்தேக்கத்து நீரோடு சேர்ந்து, பொல்பிட்டிய வழியாகக் கீழே களனி கங்கைக்குப் போகிறது. ஆகவே கித்துல்கலையிலே ஆற்றின் வேகம் வானத்தை மட்டும் நம்பியிருப்பதன்று. மேலேயுள்ள மின்நிலையங்கள் நீரை விடுவதையும் பொறுத்தது. 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் மின்திட்டம் வருமெனத் தெரிந்தபோது, மிதவைத் தொழிலை நம்பியிருந்தோர் கலங்கியது இதனாலேதான். இயற்கையின் சீற்றமென்று நகரத்தார் பணங்கொடுத்து அனுபவிப்பதற்கும் எங்கோ ஓர் ஆழி உண்டு என்பதை யாழ்ப்பாணத்தான் விளக்கியபோது, கொட்டாஞ்சேனையானுக்கு முகஞ் சற்றே வாடிற்று.

அன்றிரவு லயத்து வீட்டில் றொட்டியும் சம்பலும் உண்டனர். மலையகத்தானின் தாயார் கொழுந்து பறிப்பவர். அவர்கள் போகும் காரியத்தைக் கேட்டறிந்து, அடுப்படியிலிருந்தபடியே, “காசு குடுத்தா ஆத்துல விழப் போறீங்க?” என்றார். கேலியாகவோ கண்டிப்பாகவோ அவர் அதனைக் கேட்கவில்லை. விளங்காததொன்றை விளங்கிக்கொள்ளவே கேட்டார். எவ்வளவு காசென்பதை எவரும் அவரிடஞ் சொல்லவில்லை. அக்காலத்தில், 2021 இல் நிர்ணயிக்கப்பட்டபடி, தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா. மறுநாட் காலை அவர் வேலைக்குச் சென்ற மலைச்சரிவை நண்பர்கள் கண்டனர். மழை நாளில் ஆடுகூட ஏறத் தயங்கும் சரிவு. தலைக்கவசமில்லை; கயிறில்லை; முதுகிலே கொழுந்து நிறையுந் தோறும் பாரமேறுகிறது. அட்டைக்கும் குளவிக்கும் பயந்து அங்கே யாரும் நாட்சம்பளத்தை விட்டுவிடுவதில்லை.

கினிகத்தேனை வழியாகப் பஸ் கித்துல்கலைக்கு இறங்கியபோது நேரம் பத்து மணியிருக்கும். ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்ற ஆங்கிலத் திரைப்படம் எடுக்கப்பட்ட இடம் அது. 1957 இல் வெளிவந்த அப்படத்துக்காக இந்த ஆற்றின் மீதே மரப்பாலமொன்று கட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றும் அவ்விடத்தைக் காட்டுகிறார்கள். படம் யப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படையினரின் கதை. அந்தச் சயாம்–பர்மா இரயில் பாதையிலே, 1942–43 ஆம் ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரைத் தேடினால் அப்படத்திற் கிடைக்கமாட்டார்கள். மலையகத்தான் அவ்விடத்தைப் படமெடுக்க மறுத்துவிட்டான். ஏனென்று மற்றவர்கள் கேட்கவுமில்லை.

மிதவைக்காரர்களின் கொட்டிலிலே முதலில் ஒரு பத்திரம் தந்தார்கள். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் அச்சிட்டிருந்தது. யாழ்ப்பாணத்தான் உரத்த குரலில் மொழிபெயர்த்தான்: காயமோ உயிரிழப்போ நேரின் நிறுவனம் பொறுப்பேற்காது, இதனை அறிந்தே கையொப்பமிடுகிறேன். மூவர் ஒப்பமிட்டனர். பாண்டிருப்பான் பேனாவை வாங்கிச் சற்றுநேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“நான் பைகளைப் பாத்துக்கொண்டு இரிக்கன். நீங்க போயிட்டு வாங்க.”

“தீயை மிதிச்சவன் இந்தத் தண்ணிக்குப் பயமாடா?” என்று சிரித்தான் கொட்டாஞ்சேனையான்.

“எனக்கு நீந்தத் தெரியா.”

கடற்கரையிற் பிறந்தவனுக்கு நீந்தத் தெரியாதென்றால் யார்தான் சிரிக்கமாட்டார்? மூவருஞ் சிரித்தனர். சிரித்து முடியும் வரை அவன் காத்திருந்தான். பின்னர், எங்கோ படித்ததை ஒப்புவிப்பவன் போலச் சில வாக்கியங்களிற் சொன்னான். தந்தையார் கடற்றொழிலாளி. 2004 டிசம்பர் 26 காலை அவர் கடலுக்குட் போயிருக்கவுமில்லை. கரையிலே வலை பொத்திக்கொண்டிருந்தார். அவரைக் கண்டெடுக்கவில்லை. மகனுக்கு அப்போது வயது மூன்று. அன்றுமுதல் தாயார் அவனைக் கடலில் கால் நனைக்க விட்டதில்லை. எஞ்சிய பிள்ளைக்காக அம்மனுக்கு நேர்த்தி வைத்தார். அந்த நேர்த்திக்காகவே அவன் தீமிதித்தான். மகனைத் தீக்குழிக்கு அனுப்பிய தாய் கடற்கரைக்கு அனுப்பவில்லை.

இலங்கையிலே அன்றைய கடற்கோளில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமென்பது எல்லோருக்குந் தெரிந்த செய்தி. மூன்றாண்டுகள் ஒரே விடுதியில் ஒரே கறியைப் பங்கிட்டு உண்டவர்கள், தம்முள் ஒருவனைப் பற்றிய இச்செய்தியை அறியாதிருந்தனர் என்பதுதான் வியப்பு. கொட்டாஞ்சேனையான் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நானும் இங்கயே நிக்கிறேன்டா. எனக்கும் நீச்சல் தெரியாது” என்று மலையகத்தான் பக்கத்திற் குந்தினான்.

இவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவன் அவ்வூர்ச் சிங்கள இளைஞன். வயதில் இவர்களினும் இளையவனாகவே தோன்றினான். ஆயினும் எல்லோரும் அவனை ‘அய்யா’ என்றே அழைத்தனர். சிங்களத்திலே அது அண்ணன். நடப்பது அவனுக்கு விளங்கிற்றோ இல்லையோ, அவன் அவசரப்படுத்தவில்லை. பாண்டிருப்பான் அவனிடம், தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இந்த ஆறு எங்கே கடலிற் சேருகிறதென்று கேட்டான். மோதறையிலே என்றான் அவன்.

“எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் மச்சான்” என்று மெதுவாகச் சொன்னான் கொட்டாஞ்சேனையான்.

“அப்ப அது வேற கடல்” என்றான் பாண்டிருப்பான். பின் பேனாவைக் கேட்டு வாங்கினான்.

வழிகாட்டி கற்பித்தவை சிலவே. துடுப்பை எப்போது முன்னோக்கி வலிப்பது, எப்போது பின்னோக்கி வலிப்பது, எப்போது மிதவையின் உள்ளே குனிந்து ஒடுங்குவது என்பன. விழுந்தால் மல்லாந்து மிதக்கவேண்டும். கால்கள் ஆறு போகும் திசையை நோக்கி நீண்டிருக்கவேண்டும். எக்காரணங் கொண்டும் எழுந்து நிற்க முயலக்கூடாது. ஓடும் நீரில் நிற்க முயல்பவனின் கால் பாறையிடுக்கில் அகப்பட்டால், நீரே அவனை முன்புறமாகக் கவிழ்த்து அமிழ்த்திவிடும். நீந்தத் தெரியாத இருவரையும் அவன் தன்னருகே இருத்திக்கொண்டான்.

முதற் பாய்ச்சல் அச்சத்தைக் காட்டிலும் ஆரவாரமே மிகுதியாக இருந்தது. இரண்டாவதில் மிதவையின் முனை ஒரு பள்ளத்துள் இறங்கி மேலெழுந்தபோது, முன்னணியிலிருந்த கொட்டாஞ்சேனையான் அங்கே இல்லை. நீரில் வீழ்ந்தவன், கற்பித்ததை மறந்து, தான் பதக்கம் வாங்கிய முறையிலே, நீரோட்டத்துக்கு எதிராக நீந்த முற்பட்டான். ஆறு அவனைப் பொருட்படுத்தவில்லை. முழங்கால் பாறையில் மோதிற்று. வழிகாட்டி கத்திய கத்தலில் நினைவு வந்து மல்லாந்தான். உயிர்காப்பு அங்கி அவனைத் தூக்கியது. மிதவையிலிருந்தோர் துடுப்பு வலித்து அவனை அணுக, பாண்டிருப்பானும் வழிகாட்டியும் அங்கியின் தோட்பட்டியைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்டனர். எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்தது. நீந்தத் தெரிந்தவர்களே தொல்லையென்று வழிகாட்டி முணுமுணுத்தான். கொட்டாஞ்சேனையானின் பதக்கக் கதை அதன்பின் விடுதியிற் கேட்கப்படவில்லை.

பாய்ச்சல்கள் முடிந்தபின் ஆறு அகன்று அமைதியாகச் செல்லும் ஓரிடம் வந்தது. விரும்பியோர் இறங்கி மிதக்கலாமென்றார்கள். யாழ்ப்பாணத்தான் குதித்தான், மலையகத்தான் கண்களை மூடிக்கொண்டு குதித்தான். முழங்காலில் இரத்தங் கசிய இருந்த கொட்டாஞ்சேனையான் மாத்திரம் மிதவையில் எஞ்சினான். பாண்டிருப்பானை வாவென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. விளிம்பிலே ஓடும் கயிற்றைப் பற்றியபடி, முதுகு முன்னாக, படியிறங்குபவனைப் போல அவன் நீரில் இறங்கினான். முகத்தில் நீர் பட்டதும் கயிற்றை இறுக்கினான். வெகுநேரத்தின் பின் ஒரு கையை விட்டான். மற்றக் கையையும் விட்டானா என்பதில் நண்பர்களிடையே இன்றுவரை கருத்து வேறுபாடுண்டு. அவனைக் கேட்டால், ஆறு நல்ல குளிர் என்பான்.

பிற்பகல் தெருவோரக் கடையொன்றிலே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கையில் அவனுக்குத் தாயாரிடமிருந்து அழைப்பு வந்தது. எங்கே நிற்கிறாயென்று கேட்டிருக்கவேண்டும். மூவரும் பேச்சை நிறுத்தினர். பொய் சொல்வதற்கு வேண்டிய வசதிகள் யாவும் அவனுக்கிருந்தன. மலை பார்க்க வந்தோமென்று சொன்னாலே போதும், அது முழுப் பொய்யுமன்று.

“ஆத்துல இறங்கினன், அம்மா” என்றான்.

மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என அவன் கைத்தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அறுந்திருக்கவில்லை. பிறகு வந்த குரல் பக்கத்திலிருந்தோருக்கும் கேட்டது.

“தலையைத் துவட்டினயா, மனே?”