41 காணியும் ஒரு வார் ஃபைலும்

கனநாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. மாஸ்டர்ஸ் முடிக்கிற நெருக்கடி ஒரு பக்கம், நானே தேடிப்போன வினை மறுபக்கம். இண்டைக்கு அந்த வினையைப் பற்றித்தான். ஜாவாவோடை மல்லுக்கட்டுற ஆக்களுக்கு உதவும். மற்றவை சிரிச்சிட்டுப் போங்கோ.

பேர்ணிலை பெத்லெகம் பக்கம் ஒரு ஐயா இருக்கிறார். வடமராட்சி, எங்கட ஊர்தான். யாழ்ப்பாணத்திலை ஒவ்வொரு காணித்துண்டுக்கும் ஒரு பெயர் இருக்கிறது தெரியும்தானே? ஒல்லாந்தர் தோம்பு எழுதின காலத்துக் காணிப் பெயர்கள் இண்டைக்கும் உறுதிகளிலை இருக்கு. ஞாயிற்றுக்கிழமைகளிலை தேத்தண்ணியோடை ஐயா சொல்லச் சொல்ல நான் வரைபடத்திலை குறிப்பன். அதை இணையத்திலை காட்டுறது ஜியோசேர்வர். ஜாவாவிலை எழுதின கட்டற்ற மென்பொருள், டொம்கற்றிலை ஓடும்.

ஒரு வெள்ளி இரவு, புதுப் பதிப்புக்கு மாத்துவம் எண்டு புது வார் ஃபைலைத் தூக்கி வெப்அப்ஸ் கோப்புறைக்குள்ளை பழசுக்கு மேலை போட்டன். டொம்கற் தன்ர கடமையைச் செய்தது. புது வார் வந்தால் அது பழசு விரிஞ்சு கிடக்கிற கோப்புறையை முழுசா அழிச்சிட்டுத்தான் புதுசை விரிக்கும். நான் ஒண்டையும் மாத்தாமல் நிறுவினபடியாலை ஜியோசேர்வரின்ர டேட்டா கோப்புறையும் அதுக்குள்ளைதான் கிடந்தது. வரைபட அடுக்குகள், நிறங்கள், கடவுச்சொற்கள் எல்லாம் போச்சு. திறந்து பாத்தால், எங்கட ஊருக்குப் பதிலா, மென்பொருளோடை மாதிரிக்கு வாற அமெரிக்க மாநிலங்கள் நிக்குது!

பழைய பெயர்கள் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்திலை தனியா இருந்ததாலை தப்பிச்சுது. ஆனால் கடைசி மூண்டு ஞாயிறும் ஐயா சொன்ன 41 காணியை அவசரத்துக்கு அந்தக் கோப்புறைக்குள்ளையே ஷேப்ஃபைலா வைச்சிருந்தன். வேறை பிரதி இல்லை.

1405இலை எரிஞ்ச பிறகுதான் பேர்ண் நகரத்தைக் கல்லாலை கட்டினவங்களாம். நானும் எரிஞ்ச பிறகுதான் கீழை உள்ளதைப் படிச்சன்:

1. டொம்கற்றை நிப்பாட்டிட்டு டேட்டா கோப்புறையை வெப்அப்ஸுக்கு வெளியிலை கொண்டுபோங்கோ. ஜியோசேர்வர் டேட்டா டைரக்டரி எண்ட சூழல் மாறியிலை புது இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். பிறகு எத்தனை வார் மாத்தினாலும் அது அசையாது.

2. மாத்த முதல் அந்தக் கோப்புறை, தரவுத்தளம், பழைய வார் மூண்டையும் பிரதி எடுங்கோ. புதுப் பதிப்பு அமைப்புகளைத் தன்ர முறைக்கு மாத்தி எழுதினால் பழைய பதிப்பு அதை வாசிக்காமல் விடலாம். திரும்பிப் போக அந்தப் பிரதிதான் வழி.

3. வெப்.எக்ஸ்எம்எல் கோப்பிலை கை வைச்சிருந்தால் அதுவும் வாரோடை போயிடும். மாத்தினதைக் குறிச்சு வைச்சு, புதுக் கோப்பிலை கையாலை திரும்பப் போடுங்கோ. பழசைத் தூக்கிப் புதுசுக்கு மேலை வைக்காதேங்கோ.

4. ஒரே நேரத்திலை டொம்கற்றையும் மாத்துற ஆசை வேண்டாம். ஜாவா ஈஈ 2017இலை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறினாலும், ஜாவாக்ஸ் எண்ட பெயரிலை புதுசா வளர்க்க உரிமை கிடைக்கேல்லை. 2020இலை வந்த ஜகார்த்தா ஈஈ 9இலை எல்லாப் பொதிக்கும் பெயர் மாறிச்சுது. டொம்கற் 10 அந்தப் புதுப் பெயரைத்தான் பாக்கும். ஜியோசேர்வர் 2 வரிசைக்கு டொம்கற் 9தான் சரி.

5. எல்லாத்தையும் முதலிலை வேறை கணினியிலை, பிரதியிலை செய்து பாருங்கோ.

ஞாயிறு ஐயாவிட்டைப் போய்த் தலையைச் சொறிஞ்சன். "தம்பி, எழுதினதுதானே துலைஞ்சது? நான் இன்னும் துலையேல்லையே. தேத்தண்ணியைக் குடி, சொல்லுறன்" எண்டார்.

திரும்பச் சொன்னதிலை 38 வந்தது. மூண்டு வரேல்லை. கண்ணை மூடி யோசிச்சார், கையாலை வேலிக்கரை ஒழுங்கை எல்லாம் காட்டினார், பெயர் மட்டும் வரேல்லை. "போன மாசம் சொன்னனான் எல்லோ?" எண்டு என்னைக் கேட்டார். ஓம் ஐயா, சொன்னனீங்கள். நான்தான் கவனமா வைக்கேல்லை.

அந்த மூண்டு துண்டும் வரைபடத்திலை இப்ப பெயரில்லாமல் கிடக்கு. இந்த ஞாயிறும் போறன். இந்தமுறை கொப்பியும் பேனையும் கொண்டு போறன்.

வரட்டே?