ஒன்பது டக்

அம்மாவுக்கு விசா தொண்ணூறு நாளுக்குத்தான் கிடைத்தது. கடந்த ஜூன் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து ரண்டர்ஸ் வந்து சேர்ந்தார். அவர் திரும்பிப் போவதற்குள் ஒரு நல்ல போனோ ஸ்டேஜ் வாங்கிவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன். மனைவிக்குக்கூடக் காரணம் சொல்லவில்லை. "கார் ரயர் நாலும் மாத்த வேணும்" என்று மட்டும் அவள் ஞாபகப்படுத்தினாள்.

காரணம் ஓர் இசைத்தட்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம், 1963இல் எச்.எம்.வி. வெளியிட்டது. அப்பா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கியது. 1986இல் மாமா அகதியாக டென்மார்க் வந்தபோது, "போற இடத்தில விடியக்காலமை கேக்க ஒண்டும் இராது" என்று அப்பா அதை அவரது பெட்டியில் உடுப்புகளுக்கு நடுவில் வைத்து அனுப்பினார். அதனால்தான் அது தப்பியது. 1995 ஒக்டோபரில் ஊரோடு இடம்பெயர்ந்து, அடுத்த ஆண்டு திரும்பிப் போனபோது எங்கள் வீட்டில் பாட்டுப்பெட்டியும் இல்லை, மற்றத் தட்டுகளும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. மாமா இறந்த பிறகு அந்தத் தட்டு என்னிடம் வந்தது.

அதில் ஒரு கீறல் இருக்கிறது. 1985இல், எனக்கு ஐந்து வயதில், நான் போட்டது. கதிரையில் ஏறி நின்று, ஓடிக்கொண்டிருந்த தட்டின் மேல் ஊசிக்கையை இழுத்தேன். அப்பா என்னை அடித்த ஒரே நாள் அதுதான்.

இனி போனோ ஸ்டேஜ் பற்றிச் சொல்ல வேண்டும். தட்டின் பள்ளத்தில் ஊசி அசையும்போது பிறக்கும் மின்சாரம் மிகச் சிறியது. மூவிங் மக்னெற் வகை ஊசிப்பெட்டியில் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். நான் வைத்திருப்பது மூவிங் கொயில், ஒர்ட்டோஃபோன் தயாரிப்பு, 1918இல் தொடங்கிய டெனிஷ் நிறுவனம். அதிலிருந்து வருவது 0.3 மில்லிவோல்ட் மட்டுமே. அதை ஆயிரம் மடங்கு, அதாவது 60 டெசிபல், பெருக்கினால்தான் அம்ப்ளிஃபயருக்குக் கேட்கும். பெருக்குவதோடு வேலை முடியாது. தட்டு வெட்டும்போது தாழ்ந்த சுரங்களைக் குறைத்தும் உச்ச சுரங்களைக் கூட்டியும் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் பள்ளங்கள் அகன்று, ஒரு பக்கத்தில் அவ்வளவு நேரம் அடங்காது. 1954இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு அந்த அளவைப் பொதுவாக்கியது. போனோ ஸ்டேஜ் அதைத் தலைகீழாகச் செய்கிறது: 20 ஹேர்ட்ஸ் பக்கம் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டுகிறது, 20,000 ஹேர்ட்ஸ் பக்கம் ஏறத்தாழ 20 டெசிபல் குறைக்கிறது.

அப்பாவின் பெட்டிக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. அதில் இருந்தது செரமிக் ஊசிப்பெட்டி. அது தானாகவே வேண்டிய அளவு மின்சாரம் தரும், வளைகோட்டையும் ஒருமாதிரிச் சமாளித்துவிடும். ஆனால் அந்தத் தடித்த ஊசி இன்றைய ஊசிகளைவிட இரண்டு மூன்று மடங்கு பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும். தினமும் விடியற்காலையில் அது அந்தத் தட்டை உழுதிருக்கிறது. இன்றைய மெல்லிய ஊசி பள்ளச் சுவரில் வேறோர் ஆழத்தைத் தொடுவதால், பழைய ஊசி தேய்க்காத இடம் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். எனக்கு அந்த மிச்சம் வேண்டியிருந்தது.

வால்வு வேண்டாம், ட்ரான்சிஸ்டர்தான் என்பதை முதலிலேயே முடிவு செய்தேன். 0.3 மில்லிவோல்ட்டில் வால்வு தன் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கிவிடும், வயதாக ஆக அது கூடும். இந்த விஷயத்தில் நான் இருக்கும் நாடும் உதவியது. கிரிஃபன் நிறுவனம் 1985இல் தொடங்கியபோது செய்த முதல் சாமானே மூவிங் கொயில் ஊசிக்கான ஒரு முன்பெருக்கிதான். அவர்கள் இருக்கும் ரியூ என்ற ஊரைத் தொட்டுவரும் குடெனோ ஆறுதான் இங்கே ரண்டர்ஸில், எங்கள் வீட்டுக்குக் கீழே, கடலேரியில் கலக்கிறது. அவர்களுடைய பெட்டி என் சம்பளத்துக்கு எட்டாது என்பது வேறு விஷயம். ஓகூஸில் ஒரு கடைக்காரர் வேறு இரண்டு பெட்டிகளை வார இறுதிகளில் இரவல் தந்தார்.

முதலில் என் அம்ப்ளிஃபயரின் உள்ளேயே இருந்த போனோவில் போட்டேன். அம்மா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தட்டு ஓடி, கீறலுக்குக் கொஞ்சம் முன்னால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"இப்ப வரும்."

வந்தது. டக். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி, சுற்றுக்கு ஒன்றாக ஒன்பது டக். அம்மா விரல் மடித்து எண்ணினார்.

"கொப்பர் இந்த இடத்தில எழும்பி வருவார். ஊசி நிண்டுபோகும் எண்ட பயம். கைக்குக் கீழ ஒரு விரலை வைச்சுக்கொண்டு நிப்பார். ஒன்பதும் முடிஞ்சால்தான் தேத்தண்ணி குடிக்க வருவார்."

எனக்கு அது நினைவில் இல்லை. அடி நினைவிருந்தது. அந்தப் பதினாறு விநாடி நினைவில்லை.

பிறகு அம்மா இன்னொன்றும் சொன்னார். ஹேர்னிங் சித்திவிநாயகர் கோயிலுக்கு நாங்கள் போயிருந்தபோது அங்கே சுப்ரபாதம் ஒலிபரப்பானதாம். அந்த இடம் வந்ததும் டக்குக்காகக் காத்திருந்தாராம். "வரேல்லை. ஏதோ பிழையாய்ப் பாடினமாதிரி இருந்தது."

இரண்டாவது பெட்டி மென்மையானது. கீறலையும் மழுப்பியது, எம்.எஸ்ஸின் குரலின் மேல் ஒரு போர்வையையும் போட்டது. அம்மா முகத்தைச் சுளித்தார். "ஆரோ கதவுக்கு அங்கால நிண்டு பாடுற மாதிரி."

மூன்றாவது, விலை கூடியது. 28,000 குரோனர். நல்ல போனோ ஸ்டேஜின் ஒரு குணம், திடீரென்று வரும் பெரிய அலையிலும் நிரம்பி வழியாமல் உடனே நிதானத்துக்குத் திரும்புவது. என் அம்ப்ளிஃபயரில் அந்த டக் சிந்திப் பரவி, பின்னால் வரும் எழுத்தை மூடியது. இதில் அது வெட்டினாற்போல் வந்து போனது, ஒரு சிறு கல் விழுவதுபோல. கல்லுக்குப் பின்னால் குரல் அறாமல் போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒன்பதையும் எண்ணி முடித்துவிட்டு, "முந்தி டக்கோடை பாட்டும் நிண்டுபோகும். இதில அது பாட்டுக்குப் போகுது" என்றார்.

அப்பா 2006 ஒக்டோபரில் இறந்தார். அந்த ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டுவிட்டது. நான் அப்போது இங்கே முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதியின் நடைபாதையில் நின்று தொலைபேசியில் கேட்டேன். போகவில்லை. போயிருக்க முடியாது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். அவருடைய குரல் எந்த நாடாவிலும் இல்லை. அவருடைய சாமானில் என் கையிலிருப்பது இந்தத் தட்டு ஒன்றுதான். அதில் என் கையும் பட்டிருக்கிறது.

பெட்டியை வாங்கினேன். விலை என்ன என்று அம்மா கேட்டார். "2,800 குரோனர்" என்றேன். ஒரு சைபரைக் குறைத்ததுதான்; எங்கள் கணக்கில் வெறும் 20 டெசிபல். அதையே அம்மா இலங்கைக் காசுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரே?" என்றார். ரயர் இரண்டு மாற்றினோம். மற்ற இரண்டும் குளிர்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும்.

செப்டெம்பரில், புறப்படுவதற்கு முதல் நாள், விடியற்காலையில் அம்மாதான் தட்டைப் போடச் சொன்னார். கீறல் வரும் நேரத்தில் நான் என்னையறியாமல் எழுந்து, ஊசிக்கைக்குக் கீழே விரலை வைத்தபடி நின்றேன். இன்றைய ஊசிக்கை அந்த இடத்தில் நிற்காது. அது எனக்கும் தெரியும். அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதும் முடிந்த பிறகு சொன்னார்:

"வா தம்பி, தேத்தண்ணி ஆறுது."